மீன் தராசில் ஒரு லேப்டாப் பை

சென்ற வியாழக்கிழமை, கட்டுமாவடியில் ஒரு லேப்டாப் பையை மீன் தராசில் வைத்து எடை பார்த்தோம்.

சிரிக்காதீர்கள். பை என் மனைவியுடையது. தராசு மீன் விற்கும் அந்தோணியம்மாவுடையது. யோசனை மட்டும் என்னுடையது. எங்கள் வீட்டில் எது நடந்தாலும் கடைசியில் ‘இது யாரோட யோசனை?’ என்றுதான் விசாரணை ஆரம்பிக்கும். அதனால் முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

தராசுத் தட்டில் பாலிதீன் கவர் விரித்து, அதற்கு மேல்தான் பையை வைத்தார் அந்த அம்மா. ஆனாலும் என்ன... இதை எழுதும்போதுகூட எங்கள் ஹாலில் லேசாகக் கட்டுமாவடி வீசுகிறது.

லேப்டாப் பையை எதற்கு மீன் தராசில் வைக்க வேண்டும்? அதைச் சொல்வதென்றால் மலரின் வலது தோளிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

மலர் என் மனைவி. ஆடியாலஜிஸ்ட். காது சரியாகக் கேட்காத குழந்தைகளைச் சோதித்து, காது மெஷின் பொருத்தி, அந்தந்தக் குழந்தைக்கு ஏற்றபடி சத்தத்தைக் கூட்டிக் குறைத்துச் சரிசெய்து கொடுப்பவள். புதுக்கோட்டையில் ஒரு டிரஸ்ட்டில் வேலை. ஆனால் ஆபீஸில் உட்காரும் வேலை இல்லை. திங்கட்கிழமை அன்னவாசல், செவ்வாய் கந்தர்வக்கோட்டை, வியாழன் கட்டுமாவடி என்று வாரம் முழுக்க பஸ்தான். மெஷினைச் சரிசெய்கிற சாஃப்ட்வேர் அவள் லேப்டாப்பில் இருக்கிறது; காது மெஷினை அதோடு இணைக்க ஒரு சின்ன பாக்ஸ். லேப்டாப் இல்லாமல் அவள் போனால், ஸ்டெதாஸ்கோப் இல்லாத டாக்டர் மாதிரி நலம் விசாரித்துவிட்டுத்தான் திரும்ப வேண்டும்.

அவளுடைய பழைய லேப்டாப்பை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அம்மிக்கல்லுக்குத் தம்பி. இரண்டு கிலோவுக்கு மேல். பென் டிரைவ் சொருக, டிவியில் மாட்ட, நெட் வயர் செருக, கேமரா கார்டு போட என்று நாலா பக்கமும் ஓட்டை. சிடி போடும் தட்டுகூட உண்டு. ஒரு முறை அன்னவாசல் பஸ் ஸ்டாண்டில் கீழே விழுந்தது. ஒரு மூலை நசுங்கியது, அவ்வளவுதான். ஆன் செய்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி சிரித்தது. மலருக்குத்தான் அன்று முழுக்கப் படபடப்பு.

போன மழைக்காலத்தில் அவள் தோள் மக்கர் செய்ய ஆரம்பித்தது. ஃப்ரோசன் ஷோல்டர் என்றார் டாக்டர். கையைத் தூக்க முடியாது. பின்னால் கொண்டுபோக முடியாது. தலை பின்ன முடியாது. காலையில் அவளுக்குச் சடை போட்டுவிடுவது இப்போது என் வேலை. கண்ணாடியில் பார்த்துவிட்டு, “கோணலா இருக்கு” என்பாள். பிறகு அதே கோணல் சடையோடு வேலைக்குக் கிளம்பிவிடுவாள். இத்தனை வருஷ தாம்பத்தியத்தில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய பாராட்டு அதுதான் என்று நினைக்கிறேன்.

“தோளில் வெயிட் போடாதீங்க” என்று டாக்டர் சொன்னதும் ஆபீஸில் ஒரு வழி சொன்னார்கள். ஊர் ஊராகப் போக வேண்டாம். புதுக்கோட்டையிலேயே உட்கார்ந்து, வருகிற குழந்தைகளைப் பார்த்தால் போதும். நல்ல யோசனைதானே? அவள் போகாவிட்டால் கட்டுமாவடிக்குப் போக வேறு ஆள் இல்லை என்பதைத் தவிர! ‘ரெண்டு மாசத்துக்குள்ள யோசிச்சுச் சொல்லுங்க’ என்றிருந்தார்கள்.

அவளுக்குப் போக ஆசை. தோளுக்கு இல்லை. நடுவில் நான் புகுந்தேன். எடை குறைந்த லேப்டாப் வாங்கிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது!

திருச்சிக்குப் போனோம். கடையில் இருந்த தம்பி ஒரு லேப்டாப்பை எடுத்து நீட்டினார். அப்பளம் மாதிரி இருந்தது. “பிசினஸ் மாடல் சார். டெய்லி டிராவல் பண்றவங்களுக்குன்னே டிசைன் பண்ணது. ஒரு கிலோகூட இல்ல.” நான் வாங்கி, இரண்டு விரலால் தூக்கி, மலரிடம் காட்டினேன். குழந்தை சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டதும் கையை விட்டுக் காட்டுமே... அந்தச் சந்தோஷம் எனக்கு.

மலர் அதன் இடுப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“ஓட்டை எங்க தம்பி?”

“ரெண்டு டைப்-சி போர்ட் இருக்கு மேடம்.”

“என் மெஷின் பாக்ஸோட வயர் பழைய மாதிரி, பட்டையா இருக்குமே. அத எதுல சொருகுறது?”

“அதுக்கு ஒரு ஹப் வாங்கிக்கலாம் மேடம். டிவி, நெட், கார்டு எல்லாமே அதுல மாட்டிக்கலாம்.”

“அப்ப எல்லாத்தையும் வெளியில எடுத்து வச்சுட்டு, எடை இல்லைன்னு சொல்றீங்க!”

தம்பி சிரித்துக்கொண்டே இன்னொரு மாடலைக் காட்டினார். நானூறு கிராம் கூடுதல். கொஞ்சம் தடிமன். ஆனால் வேண்டிய ஓட்டையெல்லாம் உடம்பிலேயே இருந்தது. மலருக்கு அதுதான் பிடித்தது. நான் விடுவேனா? “நானூறு கிராம்னா உனக்கு ஒண்ணுமில்ல. உன் தோளைக் கேட்டுப் பாரு” என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். இரண்டு விரலில் தொங்கிய அப்பளத்தைப் பார்த்தாள். “சரிங்க, இதையே எடுத்துக்குவோம்” என்று சொல்லிவிட்டாள். அவ்வளவு சீக்கிரம் அவள் ஒத்துக்கொண்டபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டாமா? வரவில்லை.

பில் போடும்போது தம்பி ஓர் எச்சரிக்கை கொடுத்தார். “சார், ரொம்ப ஸ்லிம் பீஸ். மேல வெயிட் எதையும் வச்சுராதீங்க. ஸ்க்ரீன் போயிரும்.”

அதை நான் வீட்டில் சட்டமாகவே ஆக்கிவிட்டேன். “மலர், பஸ்ல இத யார் கையிலயும் குடுத்துராத. உன் கையிலயே இருக்கட்டும்.”

அந்தச் சட்டத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு மாதம் ஓடியது. தோள் வலி குறையவில்லை. கூடியது! முன்பெல்லாம் சாயங்காலம் வந்ததும் காபி குடித்துவிட்டு ஒத்தடம் கொடுப்பாள். இப்போது காபி டம்ளரைத் தூக்கவே இடது கை. கேட்டால் “வயசாகுதுல்ல” என்பாள். நடுவில் ஒரு நாள் ஹப்பை வீட்டில் மறந்துவிட்டுக் கந்தர்வக்கோட்டை வரை போய், ஒரு குழந்தைக்கும் மெஷினைச் சரிசெய்ய முடியாமல் திரும்பி வந்தாள். அதற்கும் என்மேல் ஒரு குறையும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

இந்த நிலையில்தான் சென்ற வியாழன் வந்தது. மணமேல்குடியில் எனக்கு ஒரு காதுகுத்து விருந்து. சாப்பிட்டுவிட்டு, பக்கத்தில்தானே என்று கட்டுமாவடிக்குப் போனேன். சாயங்காலம் இரண்டு பேரும் சேர்ந்து ஊர் திரும்பலாம் என்று ஏற்பாடு.

நான் போனபோது மலர் ஊர்ப் பொதுக் கட்டடத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். எதிரே ஜெனி. ஒன்றாம் வகுப்பு போகிற பெண். இரண்டு காதிலும் மெஷின். பக்கத்தில் அவள் அம்மா ரோஸி. அப்பா கடலுக்குப் போயிருந்தார்.

விளையாட்டு இதுதான். மலர் ஓர் அட்டையால் தன் வாயை மறைத்துக்கொண்டு ஒரு சத்தம் எழுப்புவாள். கேட்டால் ஜெனி ஒரு சிப்பியை எடுத்துக் கிண்ணத்தில் போட வேண்டும். ‘ஆ’ என்றாள் மலர். ஒரு சிப்பி விழுந்தது. ‘ஊ’ என்றாள். இன்னொன்று விழுந்தது. ‘ஸ்...’ என்றாள். ஜெனி சிப்பியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். போன மாதமும் இந்தச் சத்தம்தான் அவளுக்குக் கேட்கவில்லையாம்.

மலர் லேப்டாப்பில் எதையோ தட்டினாள். அதிலிருந்து ஒரு வயர், வயர் முனையில் நண்டு மாதிரி கால் நீட்டிக்கொண்டு ஹப், ஹப்பிலிருந்து மெஷின் பாக்ஸ், பாக்ஸிலிருந்து ஜெனியின் காது. மறுபடியும் அட்டையைத் தூக்கினாள். வலது கை பாதியிலேயே நின்றது. இடது கைக்கு மாற்றிக்கொண்டு, ‘ஸ்...’ என்றாள்.

சிப்பி விழுந்தது.

ரோஸி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவருக்கு மலர் எப்போதும் டீச்சர்தான். “இப்பத்தான் டீச்சர், அவ அப்பா வெளியில நின்னு ‘ஜெனிஸ்ஸு’ன்னு கொஞ்சுனா அவளுக்கு முழுசா கேக்கும்.” மலர் ஜெனியின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள். இத்தனை நாளும் இவள் சம்பளத்துக்கு பஸ் ஏறுகிறாள் என்றா நினைத்திருந்தேன்?

வேலை முடிந்ததும் ரோஸி பையைத் தூக்க வந்தார். “குடுங்க டீச்சர், ஸ்டாப்பு வரைக்கும் நான் கொண்டாரேன்.”

“இல்ல ரோஸி, இருக்கட்டும்” என்று மலரே மாட்டிக்கொண்டாள். இடது தோளில். உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

“முன்னயெல்லாம் குடுப்பீங்களே டீச்சர்...” என்று ரோஸி இழுத்தார். மலர் சிரித்து வைத்தாள். நானும் அதை மரியாதைப் பேச்சு என்று நினைத்துவிட்டேன்.

கட்டடத்தை ஒட்டி அந்தோணியம்மாவின் மீன் கொட்டகை. கட்டுமாவடி வரை வந்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினால் ஊர் சிரிக்காதா? கிழங்கான் மீன் ஒரு கிலோ சொன்னேன். அவர் எடை போடுவதற்குள் மலரின் பையை ஒரு நிமிஷம் வாங்கினேன். கை கீழே போய்விட்டது!

“என்ன மலர் இது? லேப்டாப் ஒரு கிலோகூட இல்லையே. உள்ள கல்லா வச்சிருக்க?”

அந்தோணியம்மா நிமிர்ந்து பார்த்தார். நான் தராசைப் பார்த்தேன். அவருக்குப் புரிந்துவிட்டது. “வைங்க இங்கிட்டு. என்னா ஏதுன்னு பாத்துருவோம்.”

நாலே கால் கிலோ.

லேப்டாப்பை மட்டும் வெளியே எடுத்துவிட்டு மறுபடி வைத்தோம். மூன்றே கால். மெஷின் பாக்ஸ், ஹப், வயர்கள், சார்ஜர், காது பார்க்கும் டார்ச், பேட்டரி பாக்கெட்டுகள், சிப்பி டப்பா, தண்ணீர் பாட்டில், சாப்பாட்டு டப்பா, குடை...

அந்தோணியம்மா மூக்கில் விரல் வைத்தார். “மெஷினு ஒரு கிலோ. செதிலும் கொடலும் மூணே கால் கிலோவா? எங்க மீனுலகூட கழிவு இம்புட்டு போவாதுங்க!”

மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். சிரித்து முடித்ததும் எனக்குள் ஒரு கணக்கு இடித்தது. பழைய லேப்டாப் இருந்தபோது இதே பை இன்னும் ஒரு கிலோவுக்கு மேல் கூடுதலாகத்தானே இருந்திருக்கும்? எடை குறைந்திருக்கிறது. வலி ஏன் கூடியது?

ஸ்டாப்பில் நின்றபோது மலர் கடல் இருந்த பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். “நாளைக்கு ஆபீஸ்ல சொல்லிரலாம்னு இருக்கேங்க. புதுக்கோட்டையிலேயே உக்காந்து பாத்துக்கிறேன்னு. என்னால முடியல.”

“ஜெனி?”

“ரோஸி கூட்டிட்டு வரணும். ரெண்டு பஸ் மாறி. வந்தா ஒரு நாள் வேலை போயிரும்.” பையை இழுத்து விட்டுக்கொண்டு, “ரெண்டு தடவ வருவா. அப்புறம் வர மாட்டா” என்றாள்.

பஸ் வந்தது. மீன் பை என் கையில். லேப்டாப் பையையும் கொடு என்றேன். “மீன் தண்ணி சொட்டுங்க. ரெண்டும் ஒரே ஆள்கிட்ட வேணாம்” என்று சொல்லி முன் வாசலில் ஏறிவிட்டாள். நான் பின் வாசலில். நல்ல கூட்டம். இரண்டு பேருக்கும் சீட் இல்லை.

நம் பஸ்களில் ஒரு வழக்கம் உண்டு. உங்களுக்குத் தெரியாததா? நிற்கிறவர் கையில் பை இருந்தால் உட்கார்ந்திருப்பவர் கை நீட்டுவார். பேர் தெரியாது, ஊர் தெரியாது. பையைக் கொடுப்போம். நம் பை அவர் மடியில் பயணம் செய்யும். மலரின் பழைய லேப்டாப் அப்படிச் சவாரி செய்த கதைகளை நான் நிறையக் கேட்டிருக்கிறேன். ஒரு முறை பையை வைத்திருந்த அம்மா தன் ஸ்டாப் வந்ததும் பக்கத்துச் சீட்டில் கொடுத்து இறங்க, அவர் இறங்கும்போது முன் சீட்டில் கொடுக்க, கடைசியில் டிரைவருக்குப் பின்னால் ஒரு பூக்காரம்மா மடியில், பூக்கூடைக்கு அடியில் கிடைத்தது. இன்னொரு முறை கந்தர்வக்கோட்டையில் யாரோ முந்திரிப் பருப்பை ஒரு கை அள்ளிப் பையின் சைடு ஜிப்பில் போட்டிருந்தார்கள். யாரென்று இன்று வரை தெரியாது. பருப்பைச் சாப்பிட்டது நான்.

அன்று தலைகளுக்கு மேலே எட்டிப் பார்த்தேன். முன்னால் ஒரு பெண் மலரிடம் கை நீட்டினார். மலர் தலையை ஆட்டி மறுத்தாள். அடுத்த சீட்டில் இன்னொருவர் நீட்டினார். அவருக்கும் மறுப்பு. பஸ் குலுங்கும்போதெல்லாம் பையை நெஞ்சோடு அணைத்து, அந்த வலிக்கிற கையாலேயே அதற்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் யாரும் இடித்துவிடாமல்... ஸ்க்ரீன் போய்விடாமல்.

என் சட்டம்!

அறந்தாங்கியில் இறங்கியதும் கேட்டேன். “தினம் இப்படித்தான் போறியா? யார்கிட்டயும் குடுக்காம?”

“நீங்கதானே சொன்னீங்க” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் சுட்டது.

“கடையிலயே அந்த இன்னொண்ணு வேணும்னு சொல்லியிருக்கலாம்ல?”

“ரெண்டு வெரல்ல தூக்கிக் காமிச்சீங்கள்ல... அப்ப உங்க மொகம் இருந்துச்சு பாருங்க. என் தோளுக்காக இவ்ளோ சந்தோஷப்படுற மனுஷன்கிட்ட வேணாம்னு சொல்ல எனக்கு வாய் வரல.”

பஸ் ஸ்டாண்டில், அத்தனை ஜனத்துக்கு நடுவில், கையில் சொட்டும் மீன் பையோடு நான் என்ன செய்ய முடியும்? மீன் பையை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டேன்.

நாங்கள் ஒருவருக்கொருவர் செய்த அன்பு அந்தப் பைக்குள் எவ்வளவு எடை ஏற்றியிருக்கிறது! அந்தோணியம்மாவின் தராசில் அது விழவில்லை.

புதுக்கோட்டை பஸ்ஸிலும் கூட்டம். முன்னால் ஓர் அம்மா கை நீட்டினார். “இங்கிட்டுக் குடுங்க, நான் வச்சுக்கிர்றேன்.” மலர் திரும்பி, தலைகளுக்கு நடுவில் என்னைத் தேடினாள். ‘குடு’ என்று தலையசைத்தேன்.

கொடுத்தாள். அவள் தோள் இறங்கியதை நான் பின் வாசலில் இருந்தே பார்த்தேன்.

அந்த அம்மா முதலில் பையின் மேல் முழங்கையை ஊன்றினார். பிறகு தன் தூக்குவாளியை அதன்மேல் வைத்தார். பிறகு பக்கத்தில் நின்ற ஒரு வாண்டைத் தூக்கி எல்லாவற்றுக்கும் மேலே உட்கார வைத்தார். திருச்சித் தம்பி மட்டும் அங்கே இருந்திருந்தால் ஓடும் பஸ்ஸிலிருந்து குதித்திருப்பார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

ஸ்க்ரீன் பிழைத்துக்கொண்டது. ஆனால் அந்த லேப்டாப்பை மறுபடி அனுப்ப எனக்குத் தைரியம் இல்லை. மறுநாள் காலை பரணிலிருந்து பழையதை இறக்கித் துடைத்து, மலரின் பையில் நானே வைத்தேன். ஹப்பை வெளியே எடுத்துவிட்டேன். இந்தப் பத்தியை அந்த அப்பளத்தில்தான் அடித்துக்கொண்டிருக்கிறேன். நாற்காலியை விட்டு நகராத எனக்கு ஒரு கிலோகூட இல்லாத லேப்டாப். மாவட்டம் முழுக்கச் சுற்றுகிற அவளுக்கு அம்மிக்கல். கேட்பவர்கள் என்னைத் திட்டுவார்கள். திட்டட்டும்.

லேப்டாப் வாங்கும்போது எடையைப் பார்க்கிறோம். ஓட்டையை எண்ணுகிறோம். பேட்டரி எத்தனை மணி நேரம் என்று கேட்கிறோம். ‘இதைப் பக்கத்துச் சீட்டு அம்மா மடியில் பயப்படாமல் கொடுக்க முடியுமா?’ என்று யாராவது கேட்டோமா? நாமே கட்டிப்பிடித்துச் சுமக்க வேண்டிய பொருள் எப்படி இலேசான பொருள் ஆகும்?

வெள்ளிக்கிழமை மலர் ஆபீஸில் பதில் சொல்லிவிட்டாள். வரும் வியாழக்கிழமையும் கட்டுமாவடிக்குப் போகிறாள். ஸ்டாப்பில் ரோஸி வந்து பையை வாங்கிக்கொள்வார்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். அன்று புதுக்கோட்டை பஸ்ஸில் பாதி வழியில் மலருக்கு சீட் கிடைத்தது. பை அவள் மடிக்கே திரும்பி வந்தது. நானும் நகர்ந்து நகர்ந்து அவள் பக்கத்தில் வந்து நின்றேன். அடுத்த ஸ்டாப்பில் ஒரு காலேஜ் பெண் ஏறினாள். முதுகில் புத்தகப் பை, கையில் இன்னொரு பை. மலர் இடது கையை நீட்டி, “குடும்மா, நான் வச்சுக்கிறேன்” என்று இரண்டையும் வாங்கித் தன் பையின் மேல் அடுக்கிக்கொண்டாள்.

“ஏய், உனக்குத் தோள் வலி!” என்றேன்.

“வலி தோள்லதாங்க” என்றாள். “மடியில இடம் இருக்குல்ல.”